அல்ஹம்ராவின் சுவர்ப்பாடல்கள்: கட்டடக்கலைச் சான்றாக வாசிப்பதன் பயனும் வரம்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பெயினின் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்ரா, இடைக்கால இஸ்லாமிய அரண்மனைகளுள் பேரளவு சிதையாது எஞ்சிய ஒன்று. அதன் சுவர்களில் பொறிக்கப்பட்ட அரபுப் பாடல்கள் பலவற்றில் மண்டபமோ மாடமோ தன்மையிடத்தில் நின்று தன்னைப் பற்றித் தானே பேசுகிறது. இப்பாடல்களை ஒருசாரார் வெறும் அலங்காரமாக ஒதுக்கினர். பிறிதொருசாரார் அவற்றின் உவமைகளைக் கட்டடத்தின் பொருளாகவே கொண்டனர். புகழ்ச்சிப் பாடலின் உருவகத்தைக் காட்டிலும் அதன் சுட்டுமொழியே, அதாவது யார் பேசுகிறார், எங்கிருந்து, யாரைப் பெயர் சொல்லி என்பதே, கட்டட வரலாற்றுக்கு வலுவான சான்றாகும் என இக்கட்டுரை வாதிடுகிறது. அவ்வளவுகோலைக் கொண்டு சிங்க முற்றம் பற்றிய மூன்று கோட்பாடுகள் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அல்ஹம்ரா, நஸ்ரி மரபு, சுவர்ப்பாடல், இப்னு ஸம்ரக், சிங்க முற்றம், சுட்டுமொழி

முன்னுரை

கிரனாடா நகருக்கு மேலே சபீக்கா குன்றின்மீது நிற்கும் அல்ஹம்ராவைப் பற்றிய எழுத்துகளுக்குக் குறைவில்லை. ஆயினும் அவற்றுள் பெரும்பகுதி கட்டடத்தைப் பார்த்து எழுதப்பட்டதைவிட, முன்னோர் எழுதியதைப் பார்த்து எழுதப்பட்டது என்றே கூறத் தோன்றுகிறது. 1829இல் அரண்மனைக்குள்ளேயே தங்கியிருந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், 1832இல் தம் கதைத்தொகுதியை வெளியிட்டார். அதன்பின் இக்கட்டடத்தை நிலவொளி, கண்ணீர், சிறைப்பட்ட அழகிகள் ஆகியவற்றின் இருப்பிடமாகக் காணும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அதே நூற்றாண்டில் ஜூல் கூரியும் ஓவன் ஜோன்ஸும் 1834இல் கட்டடத்தை அளந்து வரைந்தனர்; கூரி அவ்வாண்டிலேயே காலராவால் இறந்துபட, ஜோன்ஸ் தனியராக 1842 முதல் 1845 வரை வரைபடத் தொகுதிகளை வெளியிட்டார். அத்தொகுதிகளில் பஸ்குவால் தெ கயாங்கோஸ் மொழிபெயர்த்த சுவரெழுத்துகள் இடம்பெற்றன. கதை வாசித்தோர் மிகப் பலர். கயாங்கோஸின் பக்கங்களைப் புரட்டியோர் மிகச் சிலர்.

அரண்மனையின் வரலாற்றை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நஸ்ரி மரபின் முதல் மன்னர் முதலாம் முஹம்மது 1238இல் கிரனாடாவுக்குள் வந்தார். குன்றின்மீது ஏற்கெனவே இருந்த பழைய கோட்டையை விரிவாக்கித் தார்ரோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை மேலேற்றினார். நீர் வந்த பிறகே அரண்மனை வந்தது. முதலாம் யூசுஃபின் காலமும் (1333–1354), அவர் மகன் ஐந்தாம் முஹம்மதின் இரு ஆட்சிக்காலங்களும் (1354–1359, 1362–1391) இன்று நாம் காணும் அரண்மனையின் பெரும்பகுதியைத் தந்தன. 1492 ஜனவரி 2இல் நகரம் கத்தோலிக்க மன்னர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கருங்கல்லாலோ பளிங்காலோ எழுந்த மாளிகை என்று இதனைக் கருதுவோர் உளர். தூண்களும் தொட்டிகளும் தளங்களும் பளிங்கு. உடல் பெரும்பாலும் இடித்திறுக்கிய மண், செங்கல், மரம், அவற்றின்மேல் சுதை. எழுத்து நிற்பது பெரும்பாலும் அந்தச் சுதையின்மேல்தான் என்பதைப் பின்னர் நினைவிற்கொள்ள வேண்டியிருக்கும்.

பிற்காலப் பெயர்கள்

இன்று வழிகாட்டிகள் சொல்லும் மண்டபப் பெயர்களுள் பல, கட்டியவர் அறியாதவை. இரு சகோதரிகள் மண்டபம் என்னும் பெயர் தரையில் பதித்த இரண்டு பெரும் பளிங்குப் பலகைகளால் வந்தது. அதற்கு எதிரேயுள்ள மண்டபத்தில் அபென்செராஹே குடியினர் வெட்டிக் கொல்லப்பட்டனர் என்னும் கதை, கினெஸ் பேரெஸ் தெ ஹீத்தா 1595இல் வெளியிட்ட வரலாற்றுப் புனைவால் பரவியது. அங்குள்ள தொட்டியில் படிந்த இரும்புக்கறையை இரத்தக்கறை என்று காட்டுவது இன்றும் ஓயவில்லை. அரசர் மண்டபத்தின் தோல்விதானத்தில் வரையப்பட்ட பத்து உருவங்களை நீதிபதிகள் எனக் கருதி, ஒருகாலத்தில் அதனை நீதி மண்டபம் என்றே அழைத்தனர்.

இப்பெயர்கள் தீங்கற்றவையாகத் தோன்றலாம். எனினும் ஒரு மண்டபத்துக்குப் பெயர் வந்துவிட்டால் அதன் பயன் என்ன என்னும் கேள்வி அடங்கிவிடுகிறது. சிறைப்பட்டவள் கோபுரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 15ஆம் நூற்றாண்டுக் கிறித்தவப் பெண்ணொருத்தியின் காதற்கதையோடு பிணைக்கப்பட்ட இக்கோபுரம், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே முதலாம் யூசுஃபால் கட்டப்பட்டது. உள்ளே இப்னுல் ஜய்யாபின் நான்கு பாடல்கள் உள்ளன. வெளியே கோட்டை, உள்ளே மகிழ்வுக்குரிய மாளிகை என்று அவை கோபுரத்தின் இருமைத் தன்மையைத் தெளிவாகச் சொல்கின்றன. கட்டடம் தன் இயல்பைத் தானே எழுதிவைத்திருக்க, அதனைப் படியாமல் வேறொரு கதையை அதன்மேல் ஏற்றியது இரங்கத்தக்கது.

அப்பாடல்களில் மற்றொரு செய்தியும் உண்டு. சுவரின் வேலைப்பாட்டைப் புகழும்போது இப்னுல் ஜய்யாப் அரபு அணியிலக்கணத்தின் கலைச்சொற்களைக் கையாள்கிறார். சொல்லொப்புமையும் முரணும் எவ்வாறு பாடலை அழகுசெய்யுமோ அவ்வாறே ஓட்டுப் பதிப்பின் வடிவங்களும் இணைந்தும் எதிர்நின்றும் அழகுசெய்கின்றன என்பது அவர் கருத்து. தமிழில் அணி என்னும் ஒரே சொல் நகையையும் செய்யுளணியையும் குறிப்பதால் இவ்வுறவு நமக்கு வியப்பளிக்காது. ஓவன் ஜோன்ஸ் உள்ளிட்ட மேலை ஆய்வாளர் பலர் அல்ஹம்ராவின் வடிவங்களை நிறம், கோணம், மடக்கு என்ற கணக்கில் மட்டுமே ஆராய்ந்தனர். கட்டியோரின் அழகியல் சொல்லிலக்கணத்தின் வழியாகவும் சிந்தித்தது என்பதற்குக் கோபுரத்தின் சுவரே சாட்சி.

சுவர் தன்னைச் சுட்டும் இடங்கள்

தன்மையிடத்தில் பேசும் பாடல்களை மூன்று இடங்களில் கட்டடத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

முதலாவது கோமாரெஸ் முகப்பு. ஐந்தாம் முஹம்மது அல்ஹெசிராஸ் துறைமுகத்தை 1369இல் கைப்பற்றியதை அடுத்து 1370இல் எழுந்தது இது. இதில் அளவாலும் அலங்காரத்தாலும் ஒத்த இரண்டு வாயில்கள் அருகருகே உள்ளன. ஒன்று ஒருபுறம் செல்லும். மற்றொன்று வளைந்த வழியாக அரசவை முற்றத்துக்கு இட்டுச்செல்லும். புதிதாக வருவோர் எது எதற்கென அறிய இயலாது. இம்முகப்பிலுள்ள பாடலில் முகப்பே பேசுகிறது: தன்னை ஒரு மகுடமாகவும் தன் வாயிலை ஒரு பிரிவாகவும் சொல்லிக்கொள்கிறது. அங்கு ஆளப்பட்ட அரபுச் சொல் தலைமுடியின் வகிட்டையும் குறிக்கும், வழிகள் பிரியும் இடத்தையும் குறிக்கும். மகுடம் வகிட்டின்மீது அமர்வது, வாயில் வழிபிரிவது. நல்ல சிலேடை. சிலேடையின் சுவை ஒருபுறமிருக்க, இரட்டைவாயில் தற்செயலன்று, திட்டமிட்ட அமைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. இதே இடம் மகுடத்தின் உவமையை மட்டும் பிடித்துக்கொண்டு முடிசூட்டு விழா இங்குதான் நடந்தது என்று ஊகிக்கவும் இடந்தரும். அங்கேதான் நாம் நிற்க வேண்டும்.

இரண்டாவது, தூதுவர் மண்டபம். பக்கத்துக்குச் சுமார் 11 மீட்டர் கொண்ட சதுர அறை; உயரம் ஏறத்தாழ 18 மீட்டர். மூன்று பக்கங்களில் பக்கத்துக்கு மூன்றாக ஒன்பது உள்மாடங்கள். வாயிலுக்கு நேரே, வடசுவரின் நடுவிலுள்ள மாடத்தின் பாடல், மற்ற மாடங்களை உறுப்புகளாகவும் தன்னை அவற்றிடையே இதயமாகவும் கூறி, யூசுஃப் மன்னர் தன்னை அரசின் அரியணையாக்கினார் என்கிறது. அரியணை எங்கிருந்தது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. எந்த மன்னரின் திட்டம் என்பதும் தீர்ந்தது. ஒன்பது மாடங்களும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே தன்மையன என்பதை இங்குக் கருத வேண்டும். வடிவத்தை மட்டும் வைத்து ஆராய்பவர் நடுமாடத்துக்குச் சிறப்பிடம் தரலாம், ஆனால் உறுதி கூற இயலாது. எழுத்து உறுதி தருகிறது.

அம்மண்டபத்தின் விதானம் 8,017 மரத்துண்டுகளால் ஏழு அடுக்காக அமைந்தது. அதன் அடியில் திருக்குர்ஆனின் 67ஆம் அத்தியாயமான அல்முல்க் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வத்தியாயம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படைக்கப்பட்ட ஏழு வானங்களைப் பேசுவது. தாரியோ கபனெலாஸ் 1988இல் வெளியிட்ட ஆய்வு விதானத்தின் முதல் நிறங்களையும் வான அடுக்குகளையும் இவ்வெழுத்தோடு இணைத்து விளக்கியது. ஆனால் 18 மீட்டர் உயரத்திலுள்ள எழுத்தை நின்று படிப்பவர் அரிது. மாடத்துப் பாடலோ நிற்பவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் உள்ளது. மேலேயுள்ளது அங்கே இருப்பதற்காக எழுதப்பட்டது. கீழேயுள்ளது படிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டைப் பல நூல்கள் கருதாமல் எல்லா எழுத்தையும் ‘கல்வெட்டு அலங்காரம்’ என ஒரே தலைப்பில் அடக்கிவிடுகின்றன.

மூன்றாவது எனக்கு மிகவும் பொருளுடையதாகத் தோன்றும் சான்று. இரு சகோதரிகள் மண்டபத்துக்கு வடக்கே லிந்தாராஹா என வழங்கும் சிறு காட்சிமாடம் உள்ளது. இப்பெயரையும் பிற்காலக் கதைகள் ஒரு பெண்ணுடையதாக்கின. ஆயிஷா இல்லத்தின் கண் என்னும் பொருள்படும் அரபுத்தொடரின் திரிபு எனப் பிரித்துக் காட்டுவோரும் உண்டு. மாடத்தின் பாடல் தன்னை இத்தோட்டத்தின் கண் என்றும், அக்கண்ணின் பாவை முஹம்மது மன்னர் என்றும் கூறி, அவர் அரியணையிலிருந்து தம் தலைநகரைத் தன் வழியே நோக்குகிறார் என்கிறது. இன்று அங்கு நின்றால் நகரம் தெரியாது. கீழே மூடிய ஒரு முற்றமும் அதைச் சூழ்ந்த அறைகளுமே தெரியும். 16ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் பேரரசருக்காகக் கட்டப்பட்ட அறைகள் அப்பார்வையை அடைத்துவிட்டன. மாடத்தின் சன்னல்கள் தாழ்வாக இருப்பது தரையில் அமர்ந்து வெளியே நோக்குவோர்க்காக. அந்நோக்கின் இலக்கு தார்ரோவுக்கு அப்பாலுள்ள நகரப்பகுதி என்பதைப் பாடல் காத்துவைத்திருக்கிறது. கட்டடம் இழந்துவிட்ட பார்வைக்கோட்டைச் சுவரெழுத்து இழக்கவில்லை.

இம்மூன்றிலும் பாடல் புகழ்ச்சியே பாடுகிறது, மிகைப்படுத்துகிறது. ஆயினும் ‘நான்’, ‘இங்கே’, ‘என் வாயில்’, ‘என் வழியே’ என்னும் சொற்கள் மிகைப்படுத்துவதில்லை. பொறிக்கப்பட்ட இடத்தோடு கட்டுண்ட சொற்கள் அவை. பொய்யானால் எதிரே நிற்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

சிங்க முற்றம் பற்றிய மூன்று கோட்பாடுகள்

124 மெல்லிய தூண்களும், நடுவே பன்னிரண்டு சிங்கங்கள் தாங்கும் தொட்டியும் கொண்ட இம்முற்றம்தான் அறிஞரின் கற்பனையை மிகுதியும் தூண்டியுள்ளது.

ஃபிரெடெரிக் பார்கெபூர் 1956இல் எழுதிய கட்டுரையிலும் 1968இல் வெளியிட்ட நூலிலும், சிங்கங்கள் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றார். கிரனாடாவின் யூத அமைச்சர் குடும்பமான நக்ரேலா மரபினரின் மாளிகையிலிருந்து அவை வந்தன என்பது அவர் முடிவு. அதற்கு ஆதாரமாக அவர் காட்டியது எபிரேயக் கவிஞர் இப்னு கபிரோலின் ஒரு பாடலில் வரும், சிங்கங்கள் சூழ்ந்த தொட்டியின் வருணனை. பாடலை அவர் கூர்ந்து வாசித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் சான்றாகக் கொண்ட பாடல் வேறொரு மொழியில், வேறொரு மாளிகையைப் பற்றி, ஏட்டில் எழுதப்பட்டது. தொட்டியின் விளிம்பிலேயே இப்னு ஸம்ரக்கின் பன்னிரண்டு பைத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முஹம்மது மன்னரைப் பெயர் சொல்லியே அவை தொடங்குகின்றன. சீற்றங்கொள்ளக்கூடிய சிங்கங்கள் அவர்மீதுள்ள மதிப்பால் அடங்கி நிற்கின்றன என்கின்றன. பழைய சிங்கங்களைக் கொண்டுவந்து புதுத் தொட்டிக்குக் கீழே வைத்திருக்கலாமே என்பர். வைத்திருக்கலாம்; பாடல் அதனை மறுக்கவும் இல்லை. எனினும் அக்கூற்றை நிறுவும் பொறுப்பு கூறுவோர்க்கே உரியது. ஏட்டிலுள்ள ஒரு வருணனை, தொட்டியிலேயே உள்ள எழுத்தைவிட வலிய சான்றாகாது.

ஓலெக் கிராபர் 1978இல் வெளியிட்ட நூல் இத்துறையில் திருப்பம் எனலாம். கட்டடத்தின் பொருளை எழுத்திலிருந்து தேட வேண்டும் என வற்புறுத்தியவர் அவர். இரு சகோதரிகள் மண்டபத்தின் சுவரில், ஓட்டுப் பதிப்புக்குச் சற்று மேலே, இப்னு ஸம்ரக்கின் 24 பைத்துகள் சுற்றிவருகின்றன. மண்டபம் தன்னை ஒரு தோட்டம் என்கிறது. விண்மீன்கள் தன்னிடம் வந்து தங்க விரும்புகின்றன என்கிறது. மேலே ஆயிரக்கணக்கான சிறு சுதைக்கூறுகள் அடுக்கடுக்காகத் தொங்கும் முகர்னாஸ் குவிமாடம். அதன் அடியில் பதினாறு சன்னல்கள். பகல் நகர நகர ஒளியும் அக்கூறுகளில் நகர்கிறது. குவிமாடம் சுழலும் வானத்தைக் குறிக்கிறது என்னும் கிராபரின் விளக்கம், பாடல், ஒளி, வடிவம் மூன்றும் ஒன்றையொன்று தாங்குவதால் ஏற்கத்தக்கது. ஆனால் அங்கிருந்து சுலைமான் நபியின் மாளிகைக்கு அவர் தாவுவது வேறு. அந்த 24 பைத்துகளில் சுலைமான் பெயர் வருவதில்லை. தொட்டியின் பன்னிரண்டிலும் வருவதில்லை. அரபு இலக்கியத்தில் அரண்மனை என்றாலே சுலைமானின் நினைவு எழும் என்பது உண்மையே. அந்நினைவு வாசகருக்கு எழலாம் என்பது ஒன்று; சுவர் அதைச் சொல்கிறது என்பது மற்றொன்று.

மூன்றாவது கோட்பாடு ஹுவான் கார்லோஸ் ரூயிஸ் சோசாவுடையது. 2001இல் வெளிவந்த கட்டுரையில், இது அரண்மனையே அன்று; மதரஸாவாகவும் ஸாவியாவாகவும், ஐந்தாம் முஹம்மதின் அடக்கத்தலமாகவும்கூட இருந்திருக்கலாம் என்றார். 1359 முதல் 1362 வரை ஆட்சியிழந்த முஹம்மது ஃபெஸ் நகரில் மரீனிய மன்னர்களிடம் அடைக்கலம் பெற்றிருந்தார். அங்குள்ள மதரஸாக்களின் முற்ற அமைப்புக்கும் சிங்க முற்றத்துக்கும் ஒப்புமை உண்டு. அந்தப்புரம், இன்பமாளிகை என்ற பழைய கதைகளை உலுக்கியதற்காகவே இக்கட்டுரையைப் பாராட்ட வேண்டும். இருப்பினும் சுவரெழுத்து இதற்கு எதிராகவே நிற்கிறது. லிந்தாராஹா மாடம் மன்னரின் அரியணையையும் தலைநகர் நோக்கையும் பேசுகிறது. இரு சகோதரிகள் மண்டபத்தின் பைத்துகள், இளவரசரின் சுன்னத்து விழாவுக்காக இப்னு ஸம்ரக் பாடிய நீண்ட கஸீதாவிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. கல்விக்கூடத்தின் சுவருக்கு விழாப்பாடலைத் தெரிந்தெடுப்பது இயல்பன்று.

இன்னொரு கோணமும் உண்டு. நஸ்ரி மன்னர்கள் அறநிலையங்களைக் கட்டியபோது அவற்றின் பயனை மறைக்கவில்லை. முதலாம் யூசுஃப் 1349இல் நகருக்குள் எழுப்பிய மதரஸா அடிக்கல் எழுத்துடையது. ஐந்தாம் முஹம்மதே 1365க்கும் 1367க்கும் இடையில் கட்டிய மருத்துவமனையின் கல், அது இன்னதற்கெனக் கட்டப்பட்டது, எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைச் சொல்கிறது. நோயாளர்க்குக் கட்டிய இல்லத்தை அறமாக அறிவித்த மன்னர், தம் வாழ்நாளின் பெருங்கட்டடம் மதரஸாவாக இருப்பின் அதனை அறிவியாது விட்டிருப்பாரா? இது இன்மையைச் சான்றாக்கும் வாதம். அதன் வலு அளவானது. பலகை பெயர்ந்திருக்கலாம், சுதை உதிர்ந்திருக்கலாம். ஆயினும் எஞ்சிய எழுத்துகள் யாவும் ஒரே திசையைக் காட்டும்போது இன்மையும் அவற்றோடு சேர்ந்து எண்ணத்தக்கது.

தோட்டம் என்னும் சொல்

உருவகத்தைச் செய்தியாகக் கொள்வதால் வரும் இடர் ஏட்டளவில் நிற்பதில்லை. சிங்க முற்றத்தில் செடிகள் இருந்தனவா, தளம் பரவியிருந்ததா என்னும் நெடுநாள் வழக்கில், மண்டபம் தன்னைத் தோட்டம் என்பதையும் சொர்க்கத்தோட்டம் பற்றிய பொதுக் கருத்தையும் இணைத்து, முற்றம் முழுவதும் பூஞ்செடி நிறைந்த நாற்பகுதித் தோட்டமே எனச் சிலர் முடிவுகட்டினர். தோட்டம் எனத் தன்னைச் சொல்வது முற்றமன்று, கூரையிட்ட மண்டபம். அதன் மலர்கள் சுதையிலும் ஓட்டிலும் மலர்ந்தவை. முற்றத்தைப் பற்றி அறிய வேறு சான்றுகளுக்கே செல்ல வேண்டும். 1494இல் வந்த ஹியரோனிமுஸ் மியூன்சர் வெண்பளிங்குத் தளங்களை வியக்கிறார். 1502இல் வந்த அந்துவான் தெ லாலேன் ஆறு ஆரஞ்சு மரங்களைக் குறிப்பிடுகிறார். பத்தாண்டு நீடித்த சிங்கங்களின் செப்பனிடும் பணி 2012இல் முடிந்தபோது முற்றத்தில் வெண்பளிங்குத் தளம் இடப்பட்டது. அம்முடிவை ஏற்பதும் மறுப்பதும் அகழ்வுச் சான்றையும் பயணக்குறிப்பையும் கொண்டு செய்ய வேண்டியது. இப்னு ஸம்ரக்கின் உவமையை இவ்வழக்கில் எந்தத் தரப்பும் சாட்சிக்கு அழைக்கலாகாது.

சுவர் எந்த அளவுக்கு நம்பத்தக்கது

சுட்டுமொழியை நம்பலாம் என்றோம். சுதைச்சுவரில் எழுத்து இருக்கும் இடமே மாறியிருந்தால்? இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. சுதையை அச்சில் வார்க்கலாம், பெயர்க்கலாம், வேறிடத்தில் பதிக்கலாம். மெஷ்வார் மண்டபத்தின் ஓட்டுப் பதிப்பில் நஸ்ரி மரபின் வாசகமும் ஸ்பானியப் பேரரசின் இருதலைக் கழுகும் இன்று அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ரஃபாயெல் கொந்த்ரேராஸ் சிங்க முற்றத்தின் கிழக்கு மண்டபத்தின்மேல் வண்ண ஓடு வேய்ந்த குவிமாடத்தைத் தம் கற்பனைப்படி ஏற்றினார். 1934இல் லெயோபோல்தோ தோரெஸ் பல்பாஸ் அதனை அகற்றினார். ‘கீழைநாட்டுத் தன்மை’ போதவில்லை என்று கட்டடத்துக்கே ஒப்பனை செய்த காலம் அது. ஆகவே சுவரில் இன்று உள்ளதைப் பழைய படிகளோடு ஒப்பிடாமல் பயன்படுத்தக் கூடாது. 16ஆம் நூற்றாண்டில் அலோன்சோ தெல் காஸ்தில்யோ என்னும் மொரிஸ்கோ மொழிபெயர்ப்பாளர் எடுத்த படி, 1859இல் லாஃபுவெந்தே அல்காந்தரா வெளியிட்ட தொகுப்பு, கவிஞர்தம் திவான்கள் ஆகியவை இதற்கு உதவுகின்றன. எமிலியோ கார்சியா கோமெஸ் 1985இல் வெளியிட்ட பாடல் தொகுப்பும், ஹோசே மிகேல் புவெர்தா வில்செஸ் சுவர்தோறும் சென்று படித்துத் தந்த நூலும் இன்றைய ஆய்வாளர்க்கு இன்றியமையாதவை.

அளவு பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஸ்பானிய ஆய்வு மன்றத்தின் எழுத்துத் தொகுப்புத் திட்டம் 2009இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குர்ஆன் வசனங்களும் பாடல்களும் சேர்ந்தே அரண்மனை எழுத்துகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இறைவனையன்றி வெற்றியாளர் இல்லை என்னும் பொருள்படும் நஸ்ரி வாசகமே மிகுதியும் திரும்பத் திரும்ப வருகிறது. பாடல்களை மட்டும் வைத்து அல்ஹம்ரா முழுவதையும் விளக்க முற்படுவோர், இக்கட்டுரை உட்பட, சிறுபான்மைச் சான்றோடு பணிசெய்கிறோம் என்பதை மறத்தலாகாது.

பாடியவரும் பேசும் சுவரும்

இப்னுல் ஜய்யாப், அவர் மாணவர் இப்னுல் கத்தீப், அவர் மாணவர் இப்னு ஸம்ரக் ஆகிய மூவரும் அடுத்தடுத்து அரசின் திருமுகச் செயலகத்துக்குத் தலைமை தாங்கியவர்கள். உடன்படிக்கையும் போர்ச்செய்தியும் வரைந்த கைகளே சுவர்க்கும் பாடல் வரைந்தன. சுவர்ப்பாடலைத் தனிமனிதக் கவிதையுணர்வின் வெளிப்பாடாக மட்டும் மதிப்பிடும் போக்கு, இக்காரணத்தாலேயே போதாது. அது ஓர் அரசு ஆவணமும் ஆகும். ஆவணத்தை எழுதியவர் பெயர் சுவரில் இல்லை. மன்னர் பெயர் உண்டு, மண்டபத்தின் ‘நான்’ உண்டு, கவிஞர் இல்லை. 1371இல் இப்னுல் கத்தீப் மரீனிய நாட்டுக்குத் தப்பிச்சென்றபோது அவருடைய பதவி இப்னு ஸம்ரக்குக்கு வந்தது. 1374இல் ஃபெஸ் சிறையில் ஆசிரியர் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டதில் மாணவருக்குப் பெரும்பங்கு உண்டு. சிங்கங்கள் மன்னர்மீதுள்ள மதிப்பால் அடங்கி நிற்கின்றன என்று பாடியவர் அவர்தான். அவ்வரியைப் படிக்கும்போது அரசவையின் அச்சமும் அதற்குள் கேட்கிறது என்று கருதுவது மிகையாகாது.

எந்தப் பாடல் யாருடையது என்பதை நாம் பெரிதும் சுவருக்கு வெளியேயிருந்தே அறிகிறோம். ஐந்தாம் முஹம்மதின் பேரரான மூன்றாம் யூசுஃப் மன்னர் இப்னு ஸம்ரக்கின் பாடல்களைத் தொகுத்தார். அதன் கையெழுத்துப்படி முஹம்மது தவ்ஃபீக் அந்நைஃபரின் பதிப்பாக 1997இல் பெய்ரூத்தில் வெளிவந்தது. அல்ஹம்ராவுக்கு மேலேயுள்ள குன்றில் இருந்த அலிஹாரெஸ் என்னும் மாளிகைக்காக இப்னு ஸம்ரக் பாடியவையும் இத்தொகுப்பில் உள்ளன. அம்மாளிகையில் இன்று அடித்தளச் சிதைவுகளே எஞ்சியுள்ளன. அங்கே சுவரில்லை, ஏட்டில் பாடல் உண்டு. பாடல் தன்னைச் சுட்டிச் சொல்லும் குவிமாடங்களையும் நீரூற்றையும் நிலத்தடிச் சிதைவுகளோடு பொருத்திப் பார்க்கும் பணியே, சுட்டுமொழி எந்த அளவுக்குச் சான்றாகும் என்பதை அல்ஹம்ராவுக்கு வெளியே நின்று சோதிக்கக் கிடைத்துள்ள வாய்ப்பு.